வெள்ளைப் புழுவுக்கு மெட்டாரைசியம் பொடி: வட்டவடைக் கேரட் தட்டுகளில் போட்டுப் பார்த்த விவரம்

மலையில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள், மண்ணுக்குள் கிழங்கைத் தின்னும் வெள்ளைப் புழுவைக் கொல்ல இந்த மெட்டாரைசியம் என்கிற பூஞ்சாணப் பொடியை வாங்கலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். வாங்குங்கள். கோடை மழையோடு மண்ணில் சேர்ப்பதாக இருந்தால், பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வாங்குவதாக இருந்தால், ஒரே பருவத்தில் புழு அடியோடு ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்காமல் இருந்தால், கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ஓணத்துக்குக் கேரட்டைப் பிடுங்கி, கடிவாயைப் பார்த்து, அன்றைக்கே கடைக்கு ஓடுகிறவர்களுக்கு இது உதவாது. அந்த நேரத்தில் வேறு எந்த மருந்தும் உதவாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிலம் இடுக்கி மாவட்டம் வட்டவடைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. கேரளா என்றாலும் ஊரில் பேச்சு தமிழ், உரமும் மருந்தும் பாதி மூணாறிலிருந்தும் பாதி உடுமலையிலிருந்தும் வருகிறது, மேட்டில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கிளாவரை. தட்டுத் தட்டாக இறங்கும் நிலம், கருப்பு மண், மக்கு நிறைய, மழை பெய்தால் கால் புதையும். இந்த மண்ணில் கேரட் நன்றாக வரும், அதே மண்ணில் புழுவும் நன்றாகவே வரும்.

எந்தப் புழு என்று முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் கடையில் பொதுவாக 'மண்ணில் புழு' என்று சொன்னால் அவர்கள் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நான் சொல்வது வெள்ளைப் புழு, வேர்ப்புழு என்றும் சொல்வார்கள். பாத்தியைக் கொத்தும்போது அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும், தலை பழுப்பு, முன்பக்கம் ஆறு கால், வால் பக்கம் உப்பி உள்ளே தின்ற மண் நீலக்கருப்பாகத் தெரியும். இது உருளைக்கிழங்கில் அகலமாக, ஆழமில்லாமல் சுரண்டித் தின்னும். கேரட்டில் தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே ஒரு பக்கமாகக் குடைந்துவிடும், மேலே தழை பச்சையாகவே நிற்கும், பிடுங்குகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. நாற்றுப் பருவத்தில் தண்டை மண்மட்டத்தில் இரவோடு இரவாக வெட்டிச் சாய்ப்பது வெட்டுப்புழு, அது கருஞ்சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவினது போலப் பளபளப்பாக இருக்கும், அது வேறு. குச்சி போல மெலிந்து, விறைப்பாக, மஞ்சள் பழுப்பில் இருப்பது கம்பிப்புழு, அது கிழங்கில் சின்ன வாய் வைத்து ஆழமாகத் துளைக்கும். கேரட் இரண்டு காலாகப் பிரிந்து, சல்லிவேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது புழுவே இல்லை, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. உருளைக்கிழங்கிலும் இதற்குச் சொந்தக்காரன் ஒன்று உண்டு, வேரில் கடுகை விடச் சின்னதாக மஞ்சள் மணி தொங்கும் முட்டைக்கூட்டு நூற்புழு, 1961-இல் நீலகிரியில் கண்டுபிடித்தார்கள். இந்த நூற்புழு எதற்கும் மெட்டாரைசியத்தை நம்பி வாங்கவேண்டாம். பாதிப் பேர் 'பொடி வேலை செய்யவில்லை' என்று சொல்வது இந்த இடத்தில்தான். வாங்கின மருந்து ஒன்று, தின்ற பூச்சி வேறொன்று.

வெள்ளைப் புழுவின் நஷ்டம் அது தின்பதோடு முடிவதில்லை. காட்டுப்பன்றிக்கு இந்தப் புழு என்றால் உயிர். புழு இருக்கிற தட்டை மோந்து கண்டுபிடித்து இரவில் வந்து மொத்தப் பாத்தியையும் புரட்டிப் போட்டுவிடும். கேரட்டைத் தின்னக்கூட வராது, புழுவைப் பொறுக்கிவிட்டுப் போகும், காலையில் போய்ப் பார்த்தால் விளைந்ததும் விளையாததும் ஒன்றாகக் கிடக்கும். எங்கள் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, கொத்தும்போது புழுவைக் கண்டால் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே போவார், சாயங்காலம் கோழிக்கு. "நீ எந்தப் பொடியை வேணா வாங்கும்மா, கையால பொறுக்குறத விட்றாத" என்பார். அவர் சொன்னது சரி என்பது பின்னால் மண்ணைத் தோண்டி எண்ணும்போது தெரிந்தது.

இதன் வாழ்க்கை வருஷத்துக்கு ஒரு சுற்று. சித்திரை, வைகாசியில் முதல் கோடை மழை நன்றாக மண்ணை நனைத்ததும் வண்டு வெளியே வரும், இருட்டுகிற நேரத்தில் ஓரத்து மரங்களில் கூட்டமாக ஏறித் தழையைத் தின்னும், விடிவதற்குள் மண்ணுக்குள் போய்விடும், முட்டை வைப்பதும் மண்ணில்தான். பொரித்து வரும் குஞ்சுப் புழு முதலில் மக்கையும் சல்லிவேரையும் தின்கிறது, இரண்டு தோல் உரித்த பிறகு, மூன்றாம் பருவத்தில், விரல் பருமனாகி முழுத் தீனியில் இறங்கும். அந்த மூன்றாம் பருவம் ஆடி, ஆவணி. ஓணச் சந்தைக்கு நாம் கேரட்டை முற்ற விடுவதும் ஆடி, ஆவணி. நல்ல விலை கிடைக்கிற கேரட்டும் நன்றாகத் தின்கிற புழுவும் ஒரே மாதத்தில் ஒரே பாத்தியில் இருக்கும். பருத்த புழு எதற்கும் எளிதில் சாகாது, ரசாயனமானாலும் சரி, பூஞ்சாணமானாலும் சரி. அதனால் வேலை எல்லாம் அதற்கு முன்னால், முட்டை பொரிக்கிற நேரத்தில் முடிந்திருக்கவேண்டும்.

சரி, பொருளுக்கு வருகிறேன். மெட்டாரைசியம் ஒரு பூஞ்சாணம். பச்சைப் பூஞ்சாணம் என்றும் சொல்கிறார்கள். இது புதுசாக வந்த சமாச்சாரம் இல்லை. 1879-இல் மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி கோதுமை வண்டின் புழுவில் இதைப் பார்த்து, பூச்சியைக் கொல்ல இதை வளர்த்துப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். 1884-இல் உக்ரைனில் ஸ்மேலா என்ற ஊரில் இதன் வித்துகளை, அதாவது பூஞ்சாணம் முளைத்துப் பரவுகிற தூளை, மொத்தமாக வளர்த்து, சர்க்கரைக் கிழங்கைத் தின்னும் கூன்வண்டின் மேல் வயலில் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஆக இந்தப் பூஞ்சாணத்தின் முதல் பெரிய வேலையே கிழங்குப் பயிரில்தான். புழு இதைத் தின்னவேண்டியதில்லை, வித்து தோலில் ஒட்டினால் போதும், அங்கேயே முளைத்துத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

கடையில் கிடைப்பது வெள்ளைக்கல் பொடியில் கலந்த வித்து. கிலோ 200 ரூபாய்க்கு முன்பின் கொடுத்தேன். நல்ல பாக்கெட்டைப் பிரித்தால் சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும், கட்டி தட்டாது, புளித்த வாடை வராது, விரலில் தேய்த்தால் மெல்லிய பச்சை ஒட்டும். லேபிளில் கிராமுக்கு எத்தனை வித்து என்று போட்டிருக்கும், நம் ஊரில் வழக்கமாக 1 × 10⁸, அதாவது பத்துக் கோடி. அதோடு மத்திய பூச்சிமருந்து வாரியத்தின் பதிவு எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் இருக்கவேண்டும். உயிரி மருந்துக்கும் 1968-ஆம் வருஷப் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு கட்டாயம். 'இயற்கை', 'ஆர்கானிக்' என்று பெரிய எழுத்தில் போட்டுப் பதிவு எண் இல்லாமல் வருவதைத் தொடவேண்டாம். உயிரி என்ற பெயரில் உள்ளே ரசாயனம் கலந்த சரக்கு சந்தையில் பிடிபட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: போட்ட மறுநாளே புழு செத்துக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். பூஞ்சாணத்துக்கு அந்த வேகம் கிடையாது. நம் மலைக் குளிருக்கு வாரக்கணக்கில் ஆகும், ஏனென்றால் இது நன்றாக வளர்வது 25 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான். சமவெளியில் நிலக்கடலைக்குப் போட்டவர் சொல்கிற கணக்கு நமக்குப் பொருந்தாது.

எப்படிச் சோதித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இந்த விமர்சனத்தில் முக்கியமே அதுதான். ஊரில் எல்லோரும் மருந்து போடுகிறோம், போட்டது வேலை செய்ததா என்று கேட்டால் "இந்த வருஷம் புழு கம்மி" என்கிறோம். புழு எதனால் குறைந்தது? மழை தாமதமாக வந்ததாலா, பன்றி பொறுக்கியதாலா, மருந்தாலா? எதுவும் போடாத ஒரு துண்டு நிலம் பக்கத்திலேயே இல்லாவிட்டால் இதற்குப் பதிலே கிடையாது. கடைக்காரர் சொல்வது, கம்பெனி ஆள் காட்டுகிற போட்டோ, பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது எல்லாமே அந்தப் போடாத துண்டு இல்லாத பேச்சு.

ஒரே தட்டைக் கயிறு கட்டி நீளத்தில் பிரித்தேன். பொடி போட்ட பாத்தி, ஒன்றும் போடாத பாத்தி, வேப்பம் புண்ணாக்கு மட்டும் போட்ட பாத்தி, மறுபடி பொடி, மறுபடி சும்மா, இப்படி மாற்றி மாற்றி. தட்டின் உள்பக்கம் ஈரம் அதிகம், வெளி விளிம்பு சீக்கிரம் காயும், காட்டை ஒட்டிய பக்கம் பன்றி முதலில் வரும். பொடியை எல்லாம் ஒரு பக்கமும் சும்மா விட்டதை எல்லாம் மறுபக்கமும் வைத்தால் நாம் பார்ப்பது ஈரத்தின் வித்தியாசமா, பொடியின் வித்தியாசமா என்று பிரிக்கமுடியாது. தொழு உரம் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு, விதை ஒரே பாக்கெட், விதைத்தது ஒரே நாள். எண்ணுவதற்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் வைத்து ஓரடி ஆழம் தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டி, கையால் உதிர்த்துப் புழுவை எண்ணினோம். அறுவடையில் ஒவ்வொரு பாத்தியையும் தனியாகப் பிடுங்கி, கழுவி, சுத்தமானது, லேசாகக் கடித்தது, தள்ளுபடி என்று மூன்று குவியலாக்கி எடை போட்டோம். கழுவாமல் பிரித்தால் ஏமாந்துபோவோம், சின்னக் கடி மண்ணுக்குள் ஒளிந்திருக்கும்.

வயலோடு சேர்த்து வீட்டிலும் டப்பாவில் வைத்துப் பார்த்தேன். ஒரு டப்பாவுக்கு ஒரு புழு, ஈரமண், ஒரு கேரட் துண்டு. சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சாகும், அந்தக் காயத்தை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். பாதி டப்பாவின் மண்ணில் பொடி, பாதியில் இல்லை. பொடி இல்லாத டப்பாவிலும் சில புழு சாகத்தான் செய்யும், தோண்டும்போது பட்ட அடி, மாறின மண். அதைக் கழித்துப் பார்க்க 1925-இல் அபாட் என்பவர் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் பூச்சிமருந்துச் சோதனை செய்கிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். கஷ்டமில்லை. உதாரணத்துக்கு, சும்மா விட்ட பத்தில் எட்டு உயிரோடு இருக்கிறது, மருந்து போட்ட பத்தில் நான்கு உயிரோடு இருக்கிறது என்று வையுங்கள். எட்டில் நான்கைக் கழித்து, எட்டால் வகுத்தால் பாதி, அதாவது மருந்தின் வேலை 50 சதவீதம். பத்தில் ஆறு செத்தது, 60 சதவீதம் என்று லேபிள்காரர் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதில் இரண்டு மருந்து இல்லாமலும் செத்திருக்கும்.

டப்பாவில் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் சில நாள் ஒரு வித்தியாசமும் இல்லை, புழு கேரட்டைத் தின்கிறது, எனக்கே சலிப்பாக இருந்தது. அப்புறம் தீனி குறைந்தது. மேலே வந்து கிடந்தது, தொட்டால் மெதுவாகத்தான் சுருண்டது. தோலில் அங்கங்கே பழுப்புப் புள்ளி. செத்த பிறகு அழுகவில்லை, அதுதான் அடையாளம். சும்மா செத்த புழு கருத்து, குழகுழத்து, நாறும். இது சுண்ணாம்புக்கட்டி போல விறைத்துப் போனது, மேலே வெள்ளைப் பஞ்சு படர்ந்தது, பிறகு அந்த வெள்ளை கால் இடுக்கிலிருந்தும் உடல் மடிப்புகளிலிருந்தும் தொடங்கிக் கரும்பச்சையாக மாறியது. தட்டினால் பச்சைத் தூள் பறந்தது. அந்தத் தூள் முழுக்கப் புது வித்து. வயலில் அப்படி ஒரு புழு செத்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணில் அடுத்த புழுவுக்கும் மருந்து தயார். அதனால்தான் முதல் வருஷத்தை விட இரண்டாம் வருஷம் அதே பாத்தியில் பலன் கூடியிருந்தது.

வயல் முடிவு டப்பா அளவுக்குப் பளிச்சென்று இல்லை. சும்மா விட்ட பாத்தியில் பத்துக் கேரட் பிடுங்கினால் மூன்று நான்கில் கடி இருந்தது. பொடி போட்ட பாத்தியில் ஒன்று, சில இடத்தில் இரண்டு. வேப்பம் புண்ணாக்கு மட்டும் போட்டது இரண்டுக்கும் நடுவில், ஆனால் தழை நன்றாகப் பச்சை கட்டியது, அதை உரமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், புழு மருந்தாகக் கணக்கு வைத்தால் கட்டுப்படியாகாது. தட்டின் வெளி விளிம்பில், சீக்கிரம் காய்கிற இடத்தில், பொடிக்கும் சும்மா விட்டதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஈரம் இல்லாமல் இந்த வித்து முளைக்காது என்று படித்தது அங்கே கண்ணால் தெரிந்தது. உருளைக்கிழங்கில் முதலில் பலன் குறைவாகத்தான் இருந்தது. அடியுரத்தோடு மட்டும் பொடி போட்டிருந்தோம், பிறகு மண் அணைக்கும்போது வாய்க்காலிலிருந்து எடுத்துப் போட்ட மண்ணில் பொடி கிடையாது, கிழங்கு இறங்குவதோ அந்த மண்ணில். அடுத்த முறை மண் அணைப்பதற்கு முன்னாலும் ஒரு பங்கு தூவினோம், அப்போது நிலைமை மாறியது. இதை எந்த லேபிளிலும் எழுதவில்லை, உருளை போடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தட்டு அண்ணன் அதே வாரம் குளோர்பைரிஃபாஸ் என்கிற ரசாயனப் பூச்சிமருந்தைக் கரைத்து ஊற்றினார். அவருடைய நிலம் வேறு, அதனால் என் பாத்திகளோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமில்லை, ஆனாலும் அவருடைய மண்ணையும் தோண்டிப் பார்த்தோம். மேல்மண்ணில் இருந்த சின்னப் புழு சீக்கிரமாகவே செத்திருந்தது, வேகத்தில் பொடி இதன் பக்கத்தில் நிற்கமுடியாது. ஆனால் ஒரு சாணுக்குக் கீழே பருத்த புழு உயிரோடு சுருண்டு கிடந்தது. இந்த மருந்து மக்குச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது, நம் கருப்பு மண்ணில் மேலேயே நின்றுவிடும், ஆழத்துக்கு இறங்காது. அளவைக் கூட்டி ஊற்றினாலும் கதை அதுதான், மேல்மண்ணில் விஷம் கூடும், அவ்வளவுதான்.

எனக்கு அதில் இருக்கிற பெரிய வருத்தம் வேறு. நிலக்கடலை, நெல், கரும்பு என்றெல்லாம் அந்த லேபிளில் இருக்கிறது, கேரட் இல்லை. நாம் தின்கிற பாகமே மண்ணுக்குள் மருந்தோடு உட்கார்ந்திருக்கிற பயிர் இது. கொழுப்பில் கரைகிற மருந்துகள் கேரட்டின் தோலில் ஏறிக்கொள்ளும். 1995-இல் இங்கிலாந்து அரசு கேரட்டைத் தோல் சீவி, தலைப்பக்கம் வெட்டிவிட்டுத் தின்னுங்கள் என்று மக்களுக்கே சொல்லவேண்டி வந்தது, ஆர்கனோபாஸ்பேட் (குளோர்பைரிஃபாஸ் சேர்ந்த மருந்து வகை) எச்சம் ஒரே குவியலில் ஒரு கேரட்டுக்கு ஒரு கேரட் ஏகத்துக்கு மாறியதால். குழந்தைகள் பச்சையாகக் கடித்துத் தின்கிற காய். ஓட்டை விழுந்த கேரட்டை வியாபாரி தள்ளுவார், நஷ்டம் நமக்கு. மருந்து ஏறிய கேரட் பளபளவென்று இருக்கும், அதை யாரும் தள்ளமாட்டார்கள், அது போய்ச் சேருகிற வீடு நமக்குத் தெரியாது. வெள்ளாயணியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மருந்து எச்ச ஆய்வுக்கூடம் காய்கறிகளைச் சோதித்துக்கொண்டே இருக்கிறது, பல வீட்டில் அதைப் பார்த்துத்தான் காய் வாங்குகிறார்கள். வட்டவடைக் கேரட் என்ற பெயர் அங்கே கெடக்கூடாது.

பெரியவர்கள் இன்னும் திமெட், ஃபியூரடான் என்ற பழைய குருணை மருந்துகளைப் பெருமூச்சோடு பேசுகிறார்கள். அது வேலை செய்தது உண்மை, மண்புழு மேலே வந்து துடித்ததும், அதைத் தின்ற பறவை செத்துக் கிடந்ததும் அதே அளவு உண்மை. திமெட் என்கிற ஃபோரேட்டும் ஃபியூரடான் என்கிற கார்போஃபியூரானும் 2011-லேயே கேரளத்தில் தடை, ஃபோரேட் 2020 டிசம்பரோடு நாடு முழுக்கவே நிறுத்தம். மலையிறங்கிப் போய் எங்கிருந்தாவது குருணை வாங்கி வருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன், அதைக் கையுறை இல்லாமல் தூவப்போவது உங்கள் வீட்டுப் பெண்கள். 2019 ஜனவரியில் திருவல்லா பக்கத்தில் நெல்வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளிகள் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகுதான் கேரளத்தில் கிருஷி பவன் (அரசு வேளாண் அலுவலகம்) அதிகாரியின் சீட்டு இல்லாமல் மருந்து விற்கக்கூடாது என்று இறுக்கினார்கள். சீட்டு வாங்குவது அலைச்சல் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே போய் நின்றால் 'எந்தப் புழு, காட்டுங்கள்' என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்வி ஒன்றுக்காகவே போகலாம். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் வண்ண முக்கோணத்தையும் பாருங்கள், சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. நம் பொடியில் பச்சை முக்கோணம்.

பூச்சியைத் தின்னும் நூற்புழுப் பொடி என்று ஒன்றும் கொஞ்சம் கிடைத்தது, பெங்களூரில் மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வகை. பயிரைக் கெடுக்கும் நூற்புழு வேறு, இது புழுவின் உடலுக்குள் புகுந்து, தன் வயிற்றிலிருக்கும் பாக்டீரியாவை விட்டுக் கொல்லும். செத்த வெள்ளைப் புழு செங்கல் நிறமாகச் சிவந்துவிடும், பார்த்தால் மறக்கமாட்டீர்கள். வேகத்தில் மெட்டாரைசியத்தை விட நிச்சயம் முன்னே. ஆனால் மண் நன்றாக நனைந்திருக்கவேண்டும், சரக்கு உயிரோடு மலையேறி வந்து சேரவேண்டும், கேட்ட நேரத்தில் கிடைக்கவும் கிடைக்காது. கிடைத்தால் விடாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது கடை விஷயம். கீழே ஒரு உரக்கடையில் வாங்கிய பாக்கெட் சுத்தமாகச் செத்த சரக்கு. காலாவதித் தேதி இன்னும் இருந்தது, ஆனால் தகரக்கூரைக்கு நேர் கீழே, மேல் அடுக்கில், வெயில் விழுகிற பக்கம் அடுக்கி வைத்திருந்தார்கள். டப்பாச் சோதனையில் ஒரு புழுவும் பச்சை கட்டவில்லை. போய்ச் சொன்னபோது, "தேதி இருக்குல்லம்மா, அப்புறம் என்ன?" என்றுதான் பதில், மாற்றித் தரவில்லை. உயிருள்ள பொருளை யூரியா மூட்டை போல விற்கிறார்கள், அதற்கான காசை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறார்கள், இது எனக்கு இன்னும் ஆறவில்லை. விவசாயி போடுவது ஒரு பருவத்து உழைப்பை நம்பி, பாக்கெட் செத்தது என்று தெரியவருவது ஆவணியில். அடுத்த சரக்கைக் கிருஷி பவன் வழியாக மண்ணுத்தியிலிருக்கும் மாநில உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சொல்லி வாங்கினோம், புதுச் சரக்கு, டப்பாவில் ஒன்று விடாமல் பச்சை கட்டியது. வெறும் சோற்றில் பொடியைத் தூவி மூடி வைத்துப் பச்சை வருகிறதா என்று பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சோற்றில் நம் வீட்டுச் சமையலறைப் பூசணமும் பச்சையாகத்தான் வரும், எது எது என்று பிரிக்கமுடியாது. புழுவை வைத்தே பாருங்கள்.

போடுகிற முறை. நன்றாக மக்கின, சூடு ஆறின தொழு உரத்தை நிழலில் குவித்து, பாக்கெட்டில் சொன்ன அளவுப் பொடியைக் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி ஒரு வாரம், பத்து நாள் வைத்து, நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். மக்காத சாணம் கூடவே கூடாது, பூஞ்சாணம் அதன் சூட்டில் போய்விடும், போதாக்குறைக்கு வண்டு முட்டை வைக்கத் தேடி வருவதும் அந்தச் சாணத்தைத்தான், கேரட் கவட்டை விடுவதற்கும் அதுவே ஒரு காரணம். மழை பெய்து மண் நனைந்த பிறகு, சாயங்காலம் தூவி, உடனே கொத்தி மூடவேண்டும். வெயில் பட்டால் வித்து செத்துவிடும். மேன்கோசெப், கார்பென்டாசிம், போர்டோக் கலவை எதையும் இதோடு கலக்காதீர்கள், எல்லாமே பூஞ்சாணத்தைக் கொல்கிற மருந்து, இதுவும் பூஞ்சாணம்தான். தழைக் கருகலுக்கு அடிக்கவேண்டி வந்தால் மண்ணில் வழிந்து ஓடாத அளவுக்கு அடியுங்கள். தூவும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், விஷம் இல்லை என்றாலும் தூள் தூள்தான், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

கூடவே செய்யவேண்டியது வண்டு பிடிப்பது. முதல் மழைக்குப் பிறகு இருட்டும் நேரம் தட்டோரத்தில் ஒரு விளக்கு, கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வைத்த அகலப் பாத்திரம். மரத்தைக் குலுக்கினால் இன்னும் விழும். இதை ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது, மேல்தட்டுக்காரரும் கீழ்த்தட்டுக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முட்டை குறையும். பொடிக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி இந்தச் சேர்ந்த வேலைக்குச் சேரவேண்டியது. சும்மா விட்ட பாத்தியிலேயே புழு முந்தைய வருஷத்தை விடக் குறைந்திருந்தது, அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அத்தையின் டப்பாவும் அதில் சேர்த்தி.

செலவைப் பார்த்தால், பொடிக்கும் கூலிக்கும் சேர்த்து, தள்ளுபடியாகப் போயிருக்கவேண்டிய கேரட்டில் ஒன்றிரண்டு மூட்டை தேறினாலே எடுத்துவிடலாம், ஓண விலை இருந்தால் அதற்கும் முன்னால். இந்த வருஷம் போட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள் பங்குனியிலேயே கிருஷி பவனில் பெயர் கொடுத்து வையுங்கள், சித்திரை மழை விழுந்த பிறகு எல்லோரும் சேர்ந்து கேட்டால் சரக்கு வந்து சேர ஆனி ஆகிவிடும். ஒரு பாத்தியை ஒன்றும் போடாமல் விட மறக்காதீர்கள், அறுவடையில் அந்தப் பாத்தியில் எத்தனை கடி, போட்டதில் எத்தனை கடி என்று கீழே எழுதுங்கள், மண் எப்படி, எந்த மாதம் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து.